அரைப்படித் தவிடு

ஸ்ரீரங்கத்து மாநகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் கலையரசனுக்கு, ஊரார் பிள்ளைகளின் பெயர் என்றாலே கொட்டாவி வரும். அதில் அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். ஒருவர் கையில் ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டு, இன்னொருவர் செல்போனில் முழ நீளப் பட்டியல். ‘இதுல எது சார் நல்லா இருக்கு?’ என்று அவனிடமே கேட்கிறவர்களும் உண்டு. வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, ‘வேற யாருக்கும் இல்லாத பேரு சார்’ என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். அதே பெயரை அன்று காலையில்தான் வேறொரு குழந்தைக்கு ஏற்றியிருப்பான். சொல்லமாட்டான். சொல்லி என்ன ஆகப்போகிறது?

பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து விவரம் வந்துவிடும். பெயர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பெற்றவர்கள் ஒரு வருஷத்துக்குள் மனுவில் கையெழுத்துப் போட்டு அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். அப்படி வராமல் இழுத்தடிக்கிறவர்களைக் கண்டால் முன்பெல்லாம் கலையரசனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். ‘பெத்தீங்கல்ல, பேரு வைக்க என்ன நோவு?’ என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவான். இப்போது பதினோரு மாதமாக யாரையும் கேட்பதில்லை. அவன் வீட்டுப் பெண்ணுக்கே அந்தக் கட்டம் காலியாகத்தான் கிடந்தது.

“கலை, வர்ற பங்குனி பொறந்தா ஒரு வருஷம் ஆகுது” என்றார் சுகாதார ஆய்வாளர் அமிர்தராஜ். சான்றிதழ்களில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். “அதுக்கப்புறம் தாமதத்துக்குக் காரணம் எழுதணும். நீயே எழுதி, நீயே ஜன்னலுக்கு வெளிய நின்னு குடுத்து, நீயே உள்ள வந்து வாங்கிக்கணும்.”

“பாக்கலாம் சார்.”

“பதினோரு மாசமா இதையே சொல்றே. தங்கச்சி என்ன சொல்லுது?”

தங்கச்சி என்று அவர் சொன்னது கலையரசனின் மனைவி சுபஸ்ரீயை. அவள் என்ன சொல்கிறாள் என்பதை அலுவலகத்தில் வைத்துச் சொல்ல முடியாது. கலையரசன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். நின்றுகொண்டு தூங்குவது இந்தப் பதினோரு மாதத்தில் அவன் கற்றுக்கொண்ட வித்தை. காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தால் ஒரு விழிப்பு, சத்திரத்தில் கூட்டம் ஏறினால் இன்னொரு விழிப்பு, அப்புறம் பாலக்கரை. நாற்பத்து மூன்று வயதில் கைக்குழந்தை வைத்திருக்கிறவனுக்கு முதுகு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் களைத்துப்போயிருந்தன. வீட்டில் சுபஸ்ரீ அவனைவிடக் களைத்திருப்பாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, ‘நீ கொஞ்சம் படு’ என்று சொல்லிக்கொள்வார்கள். யாரும் படுக்கமாட்டார்கள்.

மாடிப் போர்ஷனில் பாப்பா இருந்தாள். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தடுப்பூசி அட்டையில் ‘பேபி ஆஃப் சுபஸ்ரீ’ என்று இருந்தது. டாக்டரிடம் டோக்கன் வாங்கினாலும் அதே பெயர்தான். அங்கே ஒரு நாள் ஆலியா, தன்விகா, கியாரா என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்த நர்ஸ், இவர்கள் முறை வந்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘இன்னுமா வைக்கல?’ என்று கேட்டாள். சுபஸ்ரீ பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காரணம் எட்டு வருஷத்துக்கு முந்தியது. அவர்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. தேவதர்ஷினி என்று பெயரை முன்னாலேயே முடிவு பண்ணி வைத்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து வந்து பெயர் ஏற்ற, கலையரசனோ ஆசை தாங்காமல் பிறந்த இரண்டாம் நாளே தன் கையாலேயே ஏற்றினான். அலுவலகம் முழுக்கப் பால்கோவா கொடுத்தான். நாலாம் நாள் பிள்ளை போய்விட்டது. லீவு முடிந்து அவன் வந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து இறப்பு விவரம் வந்து காத்துக்கிடந்தது. ‘நான் பாத்துக்கிறேன், நீ போ’ என்றார் அமிர்தராஜ். கலையரசன் கேட்கவில்லை. பிறப்பை ஏற்றிய அதே கையால் அதையும் ஏற்றினான். ஏன் அப்படிச் செய்தான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் சுபஸ்ரீ ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்ல? பேரு இருந்தாத்தானே கூப்பிட முடியும். நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. அவன் கூப்பிட்டுக்கிட்டான்.”

அவன் என்றால் எமன். அதற்குப் பிறகு அவள் அதைச் சொன்னதே இல்லை. மறுபடி சொல்ல அவசியமும் இருக்கவில்லை.

ஏழு வருஷம் மாத்திரை, ஊசி, வேண்டுதல் என்று கழிந்து, போன பங்குனியில் எட்டு மாதத்திலேயே இந்தப் பெண் பிறந்தாள். ஒன்றேகால் கிலோ. நாற்பத்தோரு நாள் கண்ணாடிப் பெட்டி. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே சுபஸ்ரீ வாசற்படியில் நின்று சொல்லிவிட்டாள். “பேரு கீருன்னு யாரும் பேச்செடுக்கக் கூடாது. நீங்க அந்தக் கம்ப்யூட்டர்ல கை வைக்கக் கூடாது.” தொட்டில் போடவில்லை, பெயர் சூட்டு விழா என்று யாரையும் கூப்பிடவில்லை. அவளுடைய அக்கா மட்டும் விடாமல் போனில் பெயர்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். சுபஸ்ரீ அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பயம்தானே, பிள்ளை நடக்க ஆரம்பித்தால் போய்விடும் என்று கலையரசன் நினைத்திருந்தான். மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அந்த நினைப்பும் போயிற்று. காந்தி மார்க்கெட்டில் கூட்டம் இல்லாததால் அன்றைக்குச் சீக்கிரம் திரும்பிவிட்டான். பையோடு மாடி ஏறினால், பின்கட்டில் சுபஸ்ரீ காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“தர்ஷினிக்குட்டிக்கு முதுகு தேய்க்கலாமா? தர்ஷினி அழக்கூடாது. அம்மா இருக்கேன்ல தர்ஷினி?”

கலையரசன் பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான். கத்தரிக்காய்க் கனம் விரலை அறுத்தது. அவள் திரும்புவதற்குள் சத்தம் இல்லாமல் படி இறங்கி, தெருமுனை வரை நடந்து, மறுபடி செருப்பைத் தட்டி ஓசைப்படுத்திக்கொண்டு ஏறி வந்தான்.

சாயங்காலம் அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். பிள்ளை பாயில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. “பாப்பா” என்று கூப்பிட்டுப் பார்த்தான். அது கிண்ணத்திலேயே கவனமாக இருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டான். அப்போதும் திரும்பவில்லை. மூன்றாம் தரம், “தர்ஷினி” என்றான். பிள்ளை சட்டென்று திரும்பி அவனைப் பார்த்து, முளைத்திருந்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தது. கலையரசனுக்கு முதலில் வந்தது பயம். அழுகை அப்புறம்தான் வந்தது.

கீழ்வீட்டு வியாகுலம்மாளிடம் போய் அதைச் சொன்னான். வேறு யாரிடம் சொல்வது? வியாகுலம்மாள் வீட்டு ஓனர். அறுபத்து நாலு வயது. முன்னறையில் மிஷின் போட்டுப் பாலக்கரைப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட்டும், மாதா கோயிலில் முதல் முறையாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுனும் தைக்கிறவள். மிஷினை நிறுத்தாமலே பேசுவாள். முக்கியமான விஷயமாக இருந்தால் மட்டும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவாள். இப்போது நிறுத்தினாள்.

“இது பயம் இல்ல தம்பி. அந்த எடத்துல பெரியவ இன்னும் குடியிருக்கா. அவளைக் காலி பண்ணாம இன்னொருத்தியை எப்படிக் குடி வைப்பீங்க?”

ஓனர் அம்மாளுக்கு எல்லாமே குடித்தனக் கணக்குத்தான். ஆனாலும் அவள் சொன்னது அவனுக்கு உறைத்தது.

“என்ன செய்யறதும்மா?”

“எனக்கு வித்துடுங்க.”

கலையரசன் விழித்தான்.

“ஏன் முழிக்கிறீங்க? தவுட்டுக்கு. உங்க பக்கத்துலயும் உண்டுதானே? தங்காத வீட்டுல பொறந்த பிள்ளையை அரைப்படி தவுட்டுக்கு அடுத்த வீட்டுக்குக் குடுத்துடுறது. வெறும் தவுட்டுக்குப் போன பிள்ளை மேல யாருக்குக் கண்ணு விழும்? அப்புறம் அது எம்பிள்ளை. வளக்குறது நீங்க. ஆனா வாங்குனவதான் பேரு வைக்கணும், அதான் முறை. எனக்கு முன்னால மூணு போச்சு எங்க அம்மாவுக்கு. எங்க அப்பா என்னைய வியாகுல மாதா காலடியில போட்டு, இது உன் பிள்ளைன்னு சொல்லிட்டு, அந்தப் பேரையே வச்சாரு. வியாகுலம்னா துக்கம்தான், அதுக்காக நான் என்ன தினமும் அழுதுகிட்டா இருக்கேன்? கண்ணாடி போடாம ஊசியில நூல் கோக்குறேன்.”

பிள்ளையை விற்பது சட்டப்படி என்ன குற்றம் என்று அரசாங்க ஊழியனான கலையரசனுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அமிர்தராஜிடம் இதைப்பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டான். சுபஸ்ரீயிடம்தான் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தடுமாறினான். சண்டை வரும், அழுகை வரும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னான்.

அவள் பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டாள். மடிக்கிற கை நிற்கவில்லை.

“சரி” என்றாள்.

“சரியா?”

“வித்துட்டா நம்ம பிள்ளை இல்லைல்ல. யாரு என்ன பேரு வச்சா எனக்கென்ன? அவ இருந்தாப் போதும். எனக்கு முடியலங்க.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. சம்மதம் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. ஒருத்தி தன் பிள்ளையைக் கொடுத்துவிட ஒத்துக்கொள்கிற அளவுக்குக் களைத்துப்போயிருக்கிறாள், அதைப் பக்கத்திலேயே இருந்தும் நாம் கவனிக்கவில்லையே என்றுதான் பட்டது. ஆனாலும் வேறு வழி எதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என்று வியாகுலம்மாள் நாள் குறித்தாள். புதன்கிழமை அவன் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“தவுடுதான் கெடைக்கல தம்பி. பாலக்கரை பூரா கேட்டுட்டேன். மருந்துக்கடைக்காரன் தவுட்டுல பிஸ்கட்டு இருக்குங்குறான். பிஸ்கட்டுக்கு யாராவது பிள்ளையை விப்பாங்களா?”

“நான் வாங்கிட்டு வரேன்மா. மண்ணச்சநல்லூர் பக்கம்தானே.”

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டான். மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, நன்றாகத் தூங்கினான், ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தான். புழுங்கல் வாடை அடிக்கிற அரிசி ஆலை ஒன்றில் நுழைந்து, மேற்பார்வை பார்க்கிறவரிடம் தவிடு வேண்டும் என்றான்.

“எத்தனை மூட்டைங்க?”

“அரைப்படி.”

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். “மாட்டுக்கா?”

“இல்லைங்க. கொழந்தைக்கு.”

அதற்குப் பிறகு அவர் தானே உள்ளே போய், ஈரம் படாத தவிடாகப் பார்த்துச் சலித்து, புதுப் பையில் கட்டிக்கொண்டு வந்தார். காசு வாங்கமாட்டேன் என்றார். “பொம்பளப் பிள்ளையா? நல்லா இருக்கும், போங்க” என்று மட்டும் சொன்னார். முன்பின் தெரியாதவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கலையரசன் பாலக்கரை வரை தூங்காமல் வந்தான். பையை நேராக வியாகுலம்மாளிடம் கொடுத்துவிட்டு மாடி ஏறினான்.

வெள்ளிக்கிழமை வியாகுலம்மாள் கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டாள். கையில் முறம், முறத்தில் தவிடு. சுபஸ்ரீ பிள்ளையோடு படிக்கு வெளியே நின்றாள். கலையரசன் எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் ஒதுங்கி நின்றான்.

வியாகுலம்மாள் முறத்தைக் கலையரசனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

“தவுடு குடுத்தாச்சு. பிள்ளையை வித்தாச்சா?”

“வித்தாச்சு” என்றாள் சுபஸ்ரீ.

“வித்தாச்சா?”

“வித்தாச்சு.”

“மூணாந் தடவை. வித்தாச்சா?”

சுபஸ்ரீயின் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்பது கலையரசனுக்குத் தெரியவில்லை. வியாகுலம்மாளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிள்ளை இதில் எதையும் பொருட்படுத்தாமல் அவள் கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

“இனிமே இவ எம்பொண்ணு” என்றாள் வியாகுலம்மாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. “எம்பொண்ணுக்கு நான் பேரு வைக்கிறேன். பிச்சையம்மா!”

கலையரசன் சுபஸ்ரீயைப் பார்த்தான். அவள் பிள்ளையையும் பார்க்கவில்லை, வியாகுலம்மாளையும் பார்க்கவில்லை. அவன் கையில் இருந்த முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிடி தவிட்டை அள்ளினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள்.

“இந்தத் தவுடு ஏது?”

“ஏதுன்னா? தம்பிதான் மண்ணச்சநல்லூர் போயி வாங்கியாந்தாரு.”

சுபஸ்ரீ அவனிடம் திரும்பினாள். “நீங்களா வாங்கிட்டு வந்தீங்க?”

“ஆமா. இங்க கிடைக்கல, அதான்.”

“அப்போ இது நம்ம தவுடு.”

கலையரசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் அள்ளிய தவிட்டைத் திரும்ப முறத்திலேயே போட்டாள்.

“வாங்குறவங்கதானே தவுடு குடுக்கணும்? நம்ம தவுட்டை வாங்கி நமக்கே குடுத்தா அது என்ன வியாபாரம்? செல்லாது.”

வியாகுலம்மாள் வாயைத் திறந்தாள். எதுவும் பேசாமல் மூடினாள். இந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்ததைக் கலையரசன் பார்த்ததே இல்லை. அவனுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினாறு வருஷமாக, மனுவில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்புகிறவன். தன் பெண்ணின் விற்பனையில் வாங்குகிறவளுக்குத் தவிட்டைத் தானே வாங்கிக் கொடுத்திருக்கிறான். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் அடிப்படையிலேயே தப்பு செய்திருக்கிறான்.

“சரி சுபா, தப்புதான். நாளைக்கு அம்மாவே அவங்க கையால வாங்கட்டும். மறுபடியும்—”

“வேண்டாம்.”

அவள் செருப்போடேயே நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். “எம்பிள்ளையைக் குடுங்கம்மா” என்றாள்.

பதினோரு மாதத்தில் எம்பிள்ளை என்று அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வியாகுலம்மாள் மறுபேச்சு பேசாமல் கொடுத்துவிட்டாள். சுபஸ்ரீ பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தவிடு அப்பிய உள்ளங்கை பிள்ளையின் முதுகெல்லாம் ஒட்டியது.

“பிச்சையம்மாவாம்!” என்றாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. “ஸ்கூல்ல கேலி பண்ணியே எடுத்துட மாட்டாங்க? பேரு நானே வைக்கிறேன்.”

“வையேன், யாரு வேணாங்குறா?” என்றாள் வியாகுலம்மாள், கொஞ்சம் முறைப்பாக. “என்ன வைக்கப்போற?”

சுபஸ்ரீ தயங்கினாள். தர்ஷினி என்று சொல்லிவிடுவாளோ என்று கலையரசன் பயந்தான்.

“வேம்பு” என்றாள்.

வியாகுலம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

“என்னது?”

“வேம்பு. ஆஸ்பத்திரியில பால் எடுத்துக் குடுக்க மட்டும்தான் உள்ள விடுவாங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மத்த நேரமெல்லாம் வெளிய இருந்த சிமெண்ட் பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன். மேல ஒரு வேப்பமரம். நாப்பத்தோரு நாளும் தலை மேல பூவா கொட்டிக்கிட்டே இருந்துச்சு. நர்ஸு வந்து கூப்பிடுறப்பல்லாம், போயிடுச்சுன்னு சொல்லத்தான் வர்றாங்கன்னு நெனைப்பேன். எந்திரிச்சுப் போறப்ப மடியில இருந்து பூ உதுரும். போயிட்டுத் திரும்பி வந்தா மறுபடியும் கொட்டும். எனக்கு அந்த நாள்ல வேற எதுவும் ஞாபகமில்ல. அந்த மரந்தான் இருந்துச்சு கூட.”

கலையரசன் அந்த நாற்பத்தோரு நாளும் காலையில் அலுவலகத்துக்குப் போய்ச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவன். அந்த பெஞ்சில் அவனும் உட்கார்ந்திருக்கிறான். மேலே ஒரு மரம் இருந்ததை அவன் கவனித்ததில்லை.

“கசக்குமேடி” என்றாள் வியாகுலம்மாள். “பொம்பளப் பிள்ளைக்குப் போயி கசப்பா ஒரு பேரு. நான் வச்சதைவிடப் பழசா இருக்கு!”

“கசக்கட்டும்மா. கசந்தா எவனும் எடுத்து வாயில போட்டுக்க மாட்டான்.”

வியாகுலம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் கலையரசனைப் பார்த்தார்கள். தகப்பன் என்று ஒருவன் முறத்தோடு நிற்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல.

கலையரசன் யோசித்தான். பதினாறு வருஷத்தில் ஒரு பெண் குழந்தைக்குக்கூட அவன் இந்தப் பெயரை ஏற்றியதில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாத பெயரும் இல்லை இது. வேம்பு, வேம்பாயி, வேம்பம்மாள். மாதத்துக்கு ஒன்றாவது வரும். எல்லாம் இறப்புப் பதிவில். அதைச் சொல்லக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தான். அப்புறம் அந்தப் பதிவுகளில் இருந்த இன்னொரு கட்டம் கண்ணுக்குள் வந்தது.

“அந்தப் பேருல நெறைய பேரை எனக்குத் தெரியும் சுபா” என்றான். “எல்லாம் கெழவிங்க. எம்பது, எம்பத்தஞ்சு. தொண்ணூத்தி மூணு வயசுல ஒருத்தி. ஒருத்தியும் சின்ன வயசுல போகல.”

“உங்க ஜன்னல்ல பாத்ததா?”

“ஆமா. நானே எழுதினது.”

சுபஸ்ரீ பிள்ளையின் முதுகில் ஒட்டியிருந்த தவிட்டை மெதுவாகத் தட்டிவிட்டாள். “அப்ப அதையே எழுதுங்க” என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். வியாகுலம்மாள் பிள்ளையைக் கீழே வைத்துக்கொண்டாள். விற்பனை ரத்தானதில் அவளுக்கு வருத்தம் தீரவில்லை. “ஒரு அஞ்சு நிமிசம் எம்பொண்ணா இருந்தா” என்று ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கலையரசன் வழக்கத்தைவிட முன்னதாகவே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். மனுவில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது. அமிர்தராஜ் பார்த்துவிட்டு, “வேம்பா?” என்றார். புருவத்தை மட்டும் உயர்த்தினார். “சரி, ஏத்து.”

பதிவைத் திறந்தான். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் இருந்தன. நடுவில் அந்தக் காலிக் கட்டம். கை விசைப் பலகைக்கு மேலே நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் பால்கோவா பாக்கெட்டை மேஜையில் வைத்துக்கொண்டு எழுதிய அந்தக் கை இறங்க மறுத்தது. பயப்படுகிறவள் சுபஸ்ரீ என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். மனுஷன் தன்னைப்பற்றி எவ்வளவு கொஞ்சமாகத் தெரிந்துவைத்திருக்கிறான்! ஜன்னலில் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

போன் அடித்தது. சுபஸ்ரீதான்.

“ஏத்திட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“ஏன்?”

“கை வரல சுபா.”

அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ கத்தியது. சுபஸ்ரீ அதை அதட்டவில்லை.

“எழுதுங்க. உங்களால ஒண்ணும் அவ போகல. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எழுதுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

எட்டு வருஷமாக அவன் எதிர்பார்க்கவும் துணியாத ஒன்றை அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டாள். கலையரசனுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். ஏற்றினான்.

“எழுதிட்டேன்.”

“சர்டிபிகேட் எடுங்க.”

“எடுக்குறேன்.”

“பெரியவளோடதும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

“யாரோடது?”

“தர்ஷினியோடது. நாம அதை எடுக்கவே இல்லல்ல. பொறப்பு சர்டிபிகேட் மட்டும் எடுங்க. அந்த இன்னொண்ணு வேணாம். இவ வேம்பு. அவ தர்ஷினி. எத்தனை பிள்ளைன்னு யாராவது கேட்டா இனிமே ரெண்டு பொண்ணுன்னுதான் சொல்லப்போறேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள். ஜன்னலில் நின்றவர், “சார், கொஞ்சம் சீக்கிரம்” என்றார். கலையரசன் அவரை இரண்டு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, எட்டு வருஷத்துக்கு முந்தைய பதிவைத் தேடினான். தேட வேண்டியிருக்கவில்லை, எண் மனப்பாடமாகவே இருந்தது. இரண்டையும் அச்சடித்து அமிர்தராஜிடம் கொண்டுபோனான். அவர் முதல் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதைப் படித்தவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கலையரசன் இரண்டு தாளையும் ஒன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான், பெரியவளுடையது மேலே இருக்கும்படி.